எந்த சீசன்?

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். எங்கள் வீடு இலஞ்சியில். கடை குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான் விற்போம். ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் எங்களுக்குச் சோறு தின்னக்கூட நேரம் இருக்காது. அந்த மூன்று மாதத்தைத்தான் இந்தப் பக்கம் சீசன் என்போம். அது இங்கிலீஷ் சொல் என்ற நினைப்பே ஒருவருக்கும் கிடையாது. "சீசன் முடியட்டும், பொண்ணு பாக்க வாரோம்" என்பார்கள். ஐப்பசியில் மழை கொட்டி, அருவிக்குப் பக்கத்தில் போக முடியாத அளவு தண்ணீர் விழும். ஆனால் அதற்குப் பெயர் சீசன் இல்லை. அது வெறும் மழை.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவளுக்குச் சின்னதிலிருந்தே மூச்சு இளைப்பு உண்டு. அந்த வருடம் பங்குனியில் ரொம்பப் படுத்திவிட்டது. கோடை லீவுக்குச் சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். நல்ல பெண். பிள்ளையை மடியில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சோதித்தார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "தென்காசி" என்றேன். வெளியூரில் குற்றாலம் என்று சொன்னால் அடுத்த கேள்வி ரூம் கிடைக்குமா என்பதாகத்தான் இருக்கும். அதனால் எங்கே போனாலும் தென்காசி என்றே சொல்லிப் பழகிவிட்டது.

காலையும் இரவும் மருந்தை வாயால் உறிஞ்சுவதற்கு ஒரு பம்பு, திடீரென்று இளைத்தால் அடிப்பதற்கு இன்னொரு பம்பு என்று இரண்டு கொடுத்தார். "முதல் பம்பை சீசன் முடியற வரைக்கும் ஒரு நாள்கூட விடாதீங்கம்மா. சீசன் முடிஞ்சதும் நிறுத்திடலாம். அப்புறம் வந்து காட்டினாப் போதும்" என்றார்.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். ஆனாலும் பிள்ளை விஷயத்தில் ஒன்றை விட மாட்டேன். மருந்துப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு அந்த டாக்டரைக் குடைந்தெடுத்தேன். மருந்துக் கடையிலும் கேட்டேன். ஊருக்கு வந்து எதிர்வீட்டுக் காலேஜ் பெண்ணிடமும் கேட்டேன். சீசன் என்றால் என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. குற்றாலத்தில் கடை வைத்திருப்பவள் அதைப் போய்க் கேட்பாளா?

அந்த வருடம் சாரல் நன்றாக இருந்தது. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பம்பு கொடுக்கும் நேரத்தை நான் தவறவிட்டதில்லை. பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆவணி கடைசியில் கூட்டம் வடிந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏட்டி, சீசன் முடிஞ்சாச்சுல்லா, இன்னும் எதுக்குப் பிள்ளைக்கு மருந்து குடுக்க?" என்றார். சரிதானே என்று நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. மூன்று நாளாக அடைமழை. அவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்று, "எம்மா" என்றாள். அடுத்த சொல் வரவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அவசரத்துக்கு என்று கொடுத்த பம்பை அடித்தேன். மறுபடியும் அடித்தேன். கேட்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே தெருவுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி தேங்காய் ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருந்தார். அப்போதுதான் லோடு ஏற்றிக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிள்ளை முகத்தைப் பார்த்ததும், "ஏறுங்க மைனி, ஏறுங்க" என்று கத்தினார். தேங்காயோடு தேங்காயாகத் தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. "தினசரி மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். பிள்ளை தூங்கியதும் வராந்தாவுக்கு வந்து சென்னை டாக்டருக்குப் போன் போட்டேன். நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

"நீங்க சொன்னபடிதான் டாக்டர் மருந்தை நிறுத்துனேன். எம்பிள்ளை இப்போ ஆஸ்பத்திரில கெடக்கா."

"நான் எப்பம்மா நிறுத்தச் சொன்னேன்? சீசன் முடியற வரைக்கும் விடக்கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"சீசன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே!"

"என்னம்மா இது? சீசன் இப்பதானே ஆரம்பிக்குது!"

"என்ன டாக்டர் சொல்லுதிய? ஆவணியிலேயே முடிஞ்சிட்டுல்லா. ஊரே காலியாக் கெடக்கு."

அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்க ஊர்ல சீசன்னா என்னம்மா?"

சாரலைச் சொன்னேன், கடையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புரிய ஆரம்பித்தது. அவருக்கு சீசன் என்றால் மழையும் குளிரும் பனியும். ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடிவது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். அவர் தப்பாகச் சொல்லவில்லை, நான் தப்பாகக் கேட்கவும் இல்லை. நடுவில் என் பிள்ளை மூச்சுக்குத் தவித்துவிட்டாள்.

"நான் மாசத்தைச் சொல்லியிருக்கணும்மா" என்றார். சண்டை போட நினைத்தவள், சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதேன். அவரும் போனை வைக்கவில்லை.

மாசியில் மறுபடி சென்னைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்காரியிடம் அந்த டாக்டர், "ஐப்பசி பொறந்ததும் மருந்தை ஆரம்பிங்க, சரியா? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்ற என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது அவள் ஏழாவது படிக்கிறாள். சாரல் நேரத்தில் கடைக்கு போன் வரும். "சீசன் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். இவள்தான் போனை எடுப்பாள். "எந்த சீசன்?" என்று வேண்டுமென்றே கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். மறுமுனையில் இருப்பவர் விழிப்பார்.

நான் சிரிப்பேன். தெரியாத சொல்லைக் கண்டு எனக்கு இப்போது பயமில்லை. அதை எப்படியும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். நன்றாகத் தெரிந்த சொல்லை யாராவது சொன்னால்தான், அடுப்படி வாசலில் அடுத்த சொல் வராமல் நின்ற என் பிள்ளை கண்முன் வருகிறாள்.