அப்பா டிவியில் பார்த்த ஓட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அப்பாவைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே என்ற பயம். போன ஆவணியில் அவர் சாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மீனாட்சி தாயின் சந்நிதியில் நின்று மனசுக்குள் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. தீபாவளித் துணி எடுக்க சோழவந்தானிலிருந்து மதுரை சிம்மக்கல் வந்திருந்தோம். தம்பியின் கையைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. பலூன்காரரைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். டவுன் பஸ் ஒன்று கிறீச்சென்று நின்றது. சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி தம்பி நின்றுகொண்டிருந்தான். அப்பா ஓடிப்போய் அவனை வாரித் தூக்கினார். அதே வேகத்தில் எனக்கு இடது பக்கம் ஓர் அறை. காதோடு சேர்த்து விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை.

கொஞ்ச நாளில் காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். எதற்கும் சீழ் நிற்கவில்லை, அந்தக் காதில் சரியாகக் கேட்கவும் இல்லை. வகுப்பில் "செவிடி" என்றார்கள். வருஷம் ஒன்று போனபிறகு மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். பஸ்ஸிலேயே அம்மா பாடம் நடத்தினாள்.

"எப்பிடி ஆச்சுன்னு கேட்டா ஹேர்பின் குத்திருச்சுன்னு சொல்லணும். அப்பா பேரை எடுக்கக் கூடாது, என்ன?"

நான் பிசகாமல் சொன்னேன். டாக்டரம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சப்பிள்ளை காதைக் குத்திக்கிற வரைக்கும் நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

பிறகு டாக்டரம்மா கேமரா பொருத்திய, பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டார். பக்கத்திலிருந்த டிவியில் என் காதின் உள்பக்கம் பெரிதாகத் தெரிந்தது. வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு, அதில் கறுப்பாக ஓர் ஓட்டை. டிவியில் வந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை வையாதீக டாக்டரம்மா. ஹேர்பின்னும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அடிச்ச அடி."

இம்புட்டு அழகாகச் சொன்ன பொய்யை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

டாக்டரம்மா குழாயை வெளியே எடுத்தார். "அடைச்சிரலாம்யா. காதுக்குப் பின்னால கீற வேண்டியதில்ல. இந்தக் குழாய் வழியாப் பாத்தே ஒட்டுப் போட்டுரலாம்" என்றார்.

காதுத் துளைக்கு முன்னாலிருக்கும் சின்ன மடலிலிருந்து துளி சவ்வை எடுத்து ஒட்டினார்கள். வெளியே ஒரே ஒரு தையல்தான். ஒட்டு பிடிக்கும்வரை காதில் தண்ணீர் படக் கூடாது. அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றும்போதெல்லாம் அப்பா பஞ்சை வைத்துக் காதைப் பொத்தியபடி தானும் நனைந்துகொண்டு நிற்பார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. டாக்டரம்மா என் நல்ல காதை அடைத்துவிட்டு, பின்னால் நின்று கிசுகிசுத்தார். கேட்டதை நான் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மாம்பழம்!" என்றேன். "ரயிலு!" என்றேன்.

"நீங்க ஒண்ணு சொல்லுங்கய்யா" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

வெகுநேரம் சத்தமே இல்லை. காது மறுபடி போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் கேட்டது.

"அப்பாவை மன்னிச்சுரு ஆத்தா!" என்று அறை அதிரக் கத்தினேன்.

கைதட்டுவார்கள் என்று திரும்பினால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்து நின்றார்.

"சரியாத்தானப்பா சொன்னேன்? இன்னொண்ணு சொல்லுங்க" என்றேன்.

அது திருப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை, பதில் சொல்ல வேண்டிய வார்த்தை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அடியை மறைத்தும் சொல்ல வேண்டாம், அப்பா மன்னிப்புக் கேட்டதை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.