பதினொரு டப்பா டெட்ராசைக்கிளின்

தேனம்மை ஆச்சியைப் பற்றிச் சொல்ல நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். தொண்ணூற்று நாலில் பிளேக் பயம் வந்தபோது, ஒரு டெட்ராசைக்கிளின் மாத்திரைக்காகக் காரைக்குடி முழுக்க நாயாக அலைந்தவள் நான். ஊரில் இருந்த அத்தனை மாத்திரையும் அவர் வீட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

நான் அடைக்கலமேரி. அப்போது ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆச்சி வீடு அதற்குப் பின் தெருவில் இருந்தது. ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் போய்ப் போய் எங்களுக்குள் பழக்கம். ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு எதையும் ஒன்றாக வாங்கத் தெரியாது. விளக்குமாறு வாங்கப் போனால் ஒரு கட்டு வரும். சோப்பு வாங்கப் போனால் பெட்டியோடு வரும். கேட்டால், “ஒண்ணு வாங்குனா, வீட்டுல ஒண்ணுதான் இருக்குன்னு ஆயிப்போகும்ல?” என்பார். இதற்கு என்னதான் பதில் சொல்வது? அவர் கணவர் வயிரவன் செட்டியார் பதில் தேடுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பையைக் கொடுத்தால் போவார், சுமந்துகொண்டு வருவார்.

ஆச்சியின் இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களையெல்லாம் வீட்டில் பரப்பி வைப்பார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு தொடங்கி ஊறுகாய் ஜாடி வரை எல்லாம் வரிசையாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தேனம்மை ஆச்சியின் கல்யாணத்தில் சாமான் வைக்க இடம் போதவில்லையாம். மாமியார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் வச்சிருக்காக, பால் வடிகட்டியத்தான் காணோம்” என்று சொல்லிவிட்டார். ஒருநாள் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆயுள் முழுக்க, காப்பி குடிக்கும்போதெல்லாம் சொன்னார். கடைசியில் வாயில் பால் ஊற்றியபோதுகூட, ‘வடிகட்டுனீகளா?’ என்று கண்ணாலேயே கேட்டார் என ஆச்சி சத்தியம் செய்வார்.

ஆகவே மகள் விசாலம் பிறந்த நாளிலேயே ஆச்சி சபதம் போட்டுவிட்டார். இவளுடைய சாமானில் இது குறை, அது குறை என்று ஒருத்தி வாய் திறக்கக் கூடாது. உலகத்தில் புதிதாக எது வந்தாலும் வாங்கி உள்ளே பூட்டினார். வெந்நீர்ப் பை, தெர்மாமீட்டர், முட்டை அடிக்கிற கருவி எல்லாம் உண்டு. அந்த வீட்டில் யாரும் முட்டையைத் தொடவே மாட்டார்கள், அது வேறு விஷயம். பால் வடிகட்டி மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. விசாலம் காலேஜ் முடித்தாள். சூரத்தில் ஒரு சேலைக் கம்பெனியில் வேலை பார்த்த தேனப்பன் என்கிற பையனோடு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஐப்பசியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். புரட்டாசியில் சூரத்தில் பிளேக் வந்துவிட்டது.

அந்த மாதம் நான் பட்ட பாட்டை மாதாதான் அறிவாள். பஸ்ஸில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் டிக்கெட்டை விட்டுவிட்டு இறங்கினார். செத்த எலியைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள் என்று மைக் கட்டி அறிவித்தோம். யாரும் தகவல் சொல்லவில்லை, எலியையே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் டிபன் கேரியரின் மேல் தட்டில் எலியை வைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கீழ்த் தட்டில் அவருடைய மதியச் சாப்பாடு இருந்தது. நான் கத்தியதும், “அது வேற தட்டுதானே சிஸ்டர்?” என்றார்.

மேலே இருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் கேட்பவருக்கெல்லாம் மாத்திரை கொடு என்றார்கள். பிறகு யாருக்கும் கொடுக்காதே என்றார்கள். கடைசியாக, தேவைப்படுகிறவருக்கு மட்டும் கொடு என்று சரியான உத்தரவு வந்து சேர்ந்தபோது எங்கள் அலமாரி காலி. டாக்டர் எனக்கு விவரமாகச் சொல்லியிருந்தார். நோயாளியின் அருகில் இருந்தவருக்குத்தான் மாத்திரை. பயத்தில் கண்டபடி விழுங்கினால் கிருமிக்கு அது பழகிப்போய், நிஜமாகவே நோய் வரும்போது மருந்து கேட்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல் மஞ்சளாகும். பாலோடு போட்டால் உடம்பில் சேராது. இதையெல்லாம் நான் தொண்டை வறளத் தெருத்தெருவாகச் சொன்னேன். எல்லாரும் கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்த மாத்திரை எங்குட்டுக் கிடைக்கும் சிஸ்டர்?” என்றார்கள்.

தேனம்மை ஆச்சி என் பேச்சைக்கூடக் கேட்கவில்லை. டிவியில் சூரத்து மருந்துக் கடை வாசலில் நின்ற வரிசையைத்தான் பார்த்தார். மகள் போய் வாழப்போகிற ஊரில் கிடைக்காத சாமான் ஒன்று இருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. அப்புறம் சும்மா இருப்பாரா? வயிரவன் செட்டியார் பையோடு கிளம்பினார். அந்தக் காலத்தில் மருந்துக் கடையில் யாரும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் மாப்பிள்ளை தேனப்பன் ரயிலை விட்டு இறங்கினார். கம்பெனியில் அதற்கு முன்னால் விடவில்லையாம். இறங்கும்போதே தும்மிக்கொண்டு இறங்கினார். அதே பெட்டியில் வந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் வந்து புகார் சொன்னார்கள். டாக்டரும் நானும் போய்ப் பார்த்தோம். காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தம், வெறும் ஜலதோஷம். ஆனால் விசாரித்தபோது, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவரைப் போன வாரம் பிளேக் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

வெளியே வந்து என்னிடம் தெளிவாகச் சொன்னார். “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா, காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக்கிட்டு கல்யாணத்தை நடத்திரலாம். மாத்திரை இல்லைன்னா ஒரு வாரம் தனி வார்டுதான். எனக்கு வேற வழி இல்லை சிஸ்டர்.”

விசாலம் நான் தடுப்பூசி போட்டு வளர்ந்த பெண். மணவறையில் அவளைத் தனியாக உட்கார விட எனக்கு மனசு வரவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ‘இல்லை, இல்லை, இல்லை’தான். கடைசியாக மருந்துக் கடை அழகுசுந்தரம், “வயிரவன் செட்டியார் அள்ளிட்டுப் போயிட்டாகளே. கல்யாணத்துக்குன்னாக. எனக்கே என்ன ஏதுன்னு புரியல” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஆச்சி வீட்டில் சாமான் பரப்பி முடித்திருந்தார்கள். வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம். நடுநாயகமாகப் பதினொரு எவர்சில்வர் டப்பாக்கள். மூடிக்கு மூடி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

“வா மேரி. எப்புடி? சூரத்துலயே இல்லாத சாமான்!” என்றார் ஆச்சி, முகமெல்லாம் பல்லாக.

“ஆச்சி, ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? இது மருந்து! மருந்தை யாராச்சும் சீர்வரிசையில வப்பாகளா? ஒங்க மாப்பிள்ளைக்கே குடுக்க ஊருல ஒரு மாத்திரை இல்ல. சாயங்காலத்துக்குள்ள குடுக்கலைன்னா அவுகளை வார்டுல போட்டுருவாக. நாளைக்குக் கல்யாணம் நடக்காது!”

இதற்குள் மாப்பிள்ளையின் தாயார் உண்ணாமலை ஆச்சி, உறவுப் பெண்கள் சூழச் சாமான் பார்க்க வந்துவிட்டார். நான் அவரிடமும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன். அவரோ டப்பாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “பதினொண்ணு இருக்கு. ஒண்ண எடுத்தாப் பத்தாயிரும். எரட்டப்படையாவா சாமான் வப்பாக? பரப்புனதுல கை வைக்கிறது மொறையில்ல. வெளியில வாங்கிக்க வேண்டியதுதானே?” என்றார்.

“வெளியில இருந்த அம்புட்டும் இங்கதான் இருக்கு, ஆச்சி!”

“சளிக்கு எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்? நான் சுக்குக் கசாயம் வச்சுக் குடுக்குறேன்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் மகனுக்கு வேண்டிய மருந்தை, தன் மகனுக்கு வைத்த சீரிலிருந்து எடுக்கக் கூடாது என்று தடுத்துக்கொண்டு ஒரு தாய் நிற்கிறார். இன்னொரு தாய்க்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேனம்மை ஆச்சியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எடுத்தால், ‘குறை’ என்கிற அந்தச் சொல்லை மகள் ஆயுளுக்கும் கேட்க வேண்டும். எடுக்காவிட்டால் கல்யாணமே இல்லை. வயிரவன் செட்டியார் பழக்கதோஷத்தில் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போது உள் அறையிலிருந்து மருதாணிக் கையோடு விசாலம் எட்டிப் பார்த்தாள். “ஆத்தா, இங்க எல்லாமே பதினொண்ணு இருக்கு. மாப்பிள்ளை மட்டும் ஒருத்தருதானே இருக்காக?”

ஆச்சிக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அவர் உடம்பு பொறுக்காது. விறுவிறுவென்று போய் ஒரு டப்பாவை எடுத்து என் கையில் திணித்தார். திரும்பிப் போய் இன்னொன்றையும் எடுத்து வந்தார். “பத்து ஆகாதுல்ல, ஒம்பதா இருக்கட்டும். இதை ஒங்க ஆசுபத்திரியில வச்சுக்க” என்றார். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, “மிச்ச ஒம்பதையும் குடுத்துருங்களேன்” என்றேன்.

“போடி, வேலையப் பாரு” என்றார்.

கல்யாணம் நடந்தது. நான் தெர்மாமீட்டரும் கையுமாக மணவறைப் பக்கமே நின்றேன். மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்க வந்தபோது, அப்போதுதான் மாத்திரை போட்டிருக்கிறார் என்கிற பதற்றத்தில், “பால் கூடாது!” என்று கத்திவிட்டேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் மாப்பிள்ளை பழத்தை மட்டும் தின்றார். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் அவர் வாயில் தெர்மாமீட்டர் இருக்கிறது, பக்கத்தில் விசாலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருக்கிறாள். காய்ச்சல் கடைசிவரை வரவே இல்லை.

தலைத் தீபாவளிக்கு நான் ஆச்சிக்குப் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். உண்ணாமலை ஆச்சியும் வந்திருந்தார். தேனப்பன் நாற்காலியில் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தார். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் சாமான் வைத்த சிறப்பைப் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலை ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எல்லாம் வச்சாக. மாத்திரை டப்பாதான் ரெண்டு கொறஞ்சு போச்சு” என்றார்.

தேனம்மை ஆச்சியின் கையில் நான் கட்டியிருந்த பிரஷர் பட்டை இன்னும் இறுகியபடிதான் இருந்தது. பாதரசம் எங்கே போய் நிற்குமோ என்று பயந்தேன். ஆச்சியோ நிதானமாக மாப்பிள்ளை இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“கொறஞ்ச ரெண்டும் அந்தா ஒக்காந்து அதிரசம் தின்னுக்கிட்டிருக்குல்ல, ஆச்சி.”

மாப்பிள்ளைக்கு வந்தது வெறும் ஜலதோஷம், அவர் மாத்திரையால் பிழைத்தவர் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. வாயை மூடிக்கொண்டு காற்றை இறக்கினேன். தேனப்பன் கடித்த அதிரசத்தை விழுங்காமல் இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். உண்ணாமலை ஆச்சி எழுந்து போய், மகன் தட்டில் இன்னொரு அதிரசம் வைத்தார்.