மூத்தவளுக்கு ஒரு பூட்டு

அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதிசயம் என்றால்தான் ஆளைத் தெரியும். எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுகிற மனுஷர். ஆழ்துளை போடுகிற வண்டி வந்தாலும் நிற்பார், எறும்பு செத்த வண்டை இழுத்துப் போனாலும் நிற்பார்.

தேனீ வளர்ப்புக்கு வந்ததும் அப்படித்தான். லாரியில் கிளீனராகச் சுற்றி, டிரைவராகி, பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியில் ஒரு தேனீக் கூட்டம் வந்து அடைந்தது. வேறு ஆளாக இருந்தால் புகை போட்டுத் தேனீயை விரட்டியிருப்பான். இவர் சவாரியை விரட்டிவிட்டுத் தேனீயை வைத்துக்கொண்டார்.

கல்யாணம் அதற்குப் பிறகுதான். வந்த மனைவி முதல் வாரமே ஜீப்புக்கு மூத்தவள் என்று பேர் வைத்துவிட்டாள். எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தவள், அவளுக்குத்தானே முதல் மரியாதை என்பாள். ஆனால் தேனீப் பெட்டிகள் விஷயத்தில் அவள் காது வைத்ததுதான் சட்டம். மூடியைத் திறக்கவே மாட்டாள். பலகையில் காதை ஒட்டுவாள். கூட்டுக்குப் பசியா, கோபமா, ராணி இருக்கிறதா இல்லையா எல்லாம் சொல்லிவிடுவாள். அதிசயம் அதற்கும் வாயைப் பிளந்து நிற்பார்.

கீழே பூ ஓய்கிற சமயத்தில் மலைமேல் பூக்கும். பெட்டிகளை அப்போது மேலே ஏற்றியாக வேண்டும். சாயங்காலம் தேனீ அடைந்தபின் பெட்டி வாசலை வலையால் அடைத்துவிட்டு, விடிகிற நேரத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பாதி வழியில் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்று குறுக்கே கிடக்கும். போன வருஷம் அதில்தான் வினை வந்தது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பேய் பிடித்த மாதிரி சுற்றியது. தரையில் இருந்த சக்கரமோ, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முன்சக்கரமும் சேற்றில் வழுக்கியது. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது.

வாசலைத் திறந்துவிட்டுவிடலாம் என்றாள் மனைவி. இவர் வேண்டாம் என்றார். இங்கே திறந்தால் தேனீ இந்த இடத்தையே வீடு என்று மனசில் வாங்கிக்கொள்ளும். பெட்டி மேலே போனபிறகும் இங்கேயே திரும்பி வந்து சுற்றிச் சாகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி ஏறிவிடும் என்றார். தேனீக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வெயில் ஏறியது. அடைத்த பெட்டிக்குள் மெழுகு இளகித் தேனடைகள் சரிந்தன. மனைவி ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்து, ஒவ்வொரு பெட்டியாக எடுத்தாள். பாதிப் பெட்டிகளில் சத்தம் அடங்கிப்போயிருந்தது.

அதற்கப்புறம் அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மிஞ்சிய பாதியும் இந்த முறை போனால், தேனீ என்ற பேச்சே வீட்டில் இருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மனைவியின் தம்பி பட்டறை வைத்திருந்தான். ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, மாமா, இதைக் கையால் முன்னால் சுற்றுங்கள், அந்தப் பக்கத்தையும் பாருங்கள் என்றான். அதிசயம் சுற்றினார். எதிர்ப்பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. மறுபடி சுற்றினார். அந்தப் பக்கம் ஓடிப்போய் அதைச் சுற்றினார். இது பின்னால் போனது.

“இத்தனை வருஷமா இவகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். இந்தக் குணம் எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

மைத்துனன் அச்சுக்கு நடுவில் இருந்த மூடியைக் கழற்றினான். எண்ணெயில் குளித்த பல்சக்கரங்கள் ஒன்றின் வாயில் ஒன்று கடித்துக்கொண்டு பளபளத்தன. இதுதான் டிஃபரன்ஷியல் என்றான். வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் குறைய ஓடணும். இது நடுவில் உட்கார்ந்து பங்கு பிரிக்கிறது. ஒருத்தன் முந்தினால் இன்னொருத்தன் விட்டுக்கொடுப்பான். அதிசயம் குத்தவைத்தபடி சின்னப் பல்சக்கரத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இதை யோசித்தவனை எந்த நேரத்தில் பெற்றாளோ அவன் அம்மா என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, எண்ணெய் வாடை என்று துடைத்துக்கொண்டார்.

இதில் ஒரு கெட்ட குணமும் உண்டு, ஒரு சக்கரம் பிடி இல்லாமல் தொங்கினால் ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும் என்றான் மைத்துனன்.

“அப்போ உழைக்கிறவன் சும்மா நிப்பான், சும்மா இருக்கிறவன் சுத்துவானா?”

“எங்கக்கா பெட்டி தூக்கும்போது நீங்க எறும்பு பார்த்துக்கிட்டு சுத்துறீங்கல்ல மாமா, அந்தக் கணக்குதான்.”

இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி இதற்கு ஒரு பூட்டு போட வேண்டும். மூன்று வழி இருந்தது. உள்ளே வெல்டிங் வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் திரும்பும்போதெல்லாம் டயர் தேயும், என்றைக்காவது அச்சு முறியும். தானாகப் பூட்டித் தானாக விடுகிற சாமான் ஒன்று உண்டு. மூன்றாவது, வேண்டும்போது மட்டும் பூட்டுவது. அதிலும் சுவிட்ச் வைத்தது, கம்பி இழுப்பது என்று இரண்டு ரகம்.

அதிசயத்துக்குத் தானாகப் பூட்டுகிறதன் மேல்தான் ஆசை. சொல்லாமலே புரிந்துகொள்கிறதே என்று அதற்கும் வாயைப் பிளந்தார். பட்டறைக்கு வந்திருந்த வேறொரு ஜீப்பில் அது இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டு, ஒரு பெட்டியை ஏற்றி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார்கள். வளைவுக்கு வளைவு அடியிலிருந்து டொக் டொக் என்று உதைத்தது. மனைவி பலகையில் வைத்த காதை எடுக்கவே இல்லை. இறங்கியதும் சொன்னாள்:

“ஒவ்வொரு உதைக்கும் உள்ள கொதிச்சுப் போய் அடங்குதுங்க. மலைவரைக்கும் இப்படிப் போனா, போய்ச் சேர்றது பெட்டி மட்டும்தான்.”

அதோடு ஆசை முடிந்தது. சுவிட்ச் ரகமும் வேண்டாம் என்றாள். ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடுகிற மூத்தவளின் ஒயரை நம்பி இன்னொரு தடவை ஏற முடியாது. ஆகக் கடைசியில் கம்பி இழுக்கிறதைப் பூட்டினார்கள். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர். பள்ளத்துக்கு முன்னால் நிறுத்தி இழுக்கணும், சக்கரம் சுழலும்போது இழுத்தால் பல் போய்விடும், தாண்டியதும் விட்டுவிடணும் என்று மைத்துனன் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினான்.

பெட்டிகளை ஏற்றிப் போன அந்த விடியலில் பள்ளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். லீவரை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. பூட்டு விழுந்ததா, இல்லையா? அறிகுறி காட்ட விளக்கு கிடையாது. விழாமல் இறங்கினால் போன வருஷக் கதைதான். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது.

பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனைவி, வண்டியின் தகரத்தில் காதை வைத்தாள்.

“கொஞ்சம் முன்னாடி உருட்டுங்க.”

ஒரு முழம் உருட்டினார்.

“விழுந்துடுச்சு. போங்க.”

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. போனார். வண்டி சாய்ந்தது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு மேலே எழுந்தது. பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தார். பேய் பிடிக்கவில்லை. படி ஏறுகிறவள் மாதிரி, காலுக்கடியில் ஒன்றுமே இல்லாத காற்றில், நிதானமாகச் சுற்றியது. எதிர்ப்பக்கத்துச் சக்கரம் அதே நிதானத்தில் கல்லைக் கவ்விக் கவ்வி இழுத்தது. வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியையே பார்த்தார். ரோட்டைப் பாருங்க என்று பின்னாலிருந்து அதட்டல் வந்தது. வண்டி ஏறிவிட்டது. லீவரை விட்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது இலைகளில் பனி காயவில்லை. மலைச்சரிவு முழுக்கப் பூ. மனைவி ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்தாள். கடைசிப் பெட்டியில் காது நெடுநேரம் இருந்தது. பிறகு நிமிர்ந்து, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

“போன வருஷம் திறந்துவிட்டிருந்தாலும் பாதி பள்ளத்துலயே சுத்திச் செத்திருக்கும்.”

திரும்பிப் பார்த்தாள். அதிசயம் ஜீப்புக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அச்சுக்கு நடுவில் சூடாக இருந்த அந்த இரும்பு உருண்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. இந்தத் தடவை எண்ணெய் வாடை என்று சொல்லவில்லை.

“மூத்தவளைக் கொஞ்சினது போதும்” என்றாள். “வந்து ஒரு கை பிடிங்க, வெயிலுக்கு முன்னாடி வாசலைத் திறக்கணும்.”