செல்லக்கிளியின் நெஞ்செலும்பு

பண்டாரவளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் காலை 8.10 பஸ்ஸில், கலாராணி ஜன்னலோரம் செல்லக்கிளியை உட்கார வைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் வேலைக்குப் புதியவர்.

"அக்கா, இது யாரு?"

"சித்தி மவ. பேச மாட்டா, மூச்சும் விட மாட்டா. அதான் ஹல்துமுல்லத் தோட்டத்து ஆம்பளைங்களுக்குப் பாடம் சொல்லக் கூட்டிட்டுப் போறேன்."

செல்லக்கிளியின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். உரச்சாக்கில் காய்ந்த மானாப்புல் திணித்த உடம்பு. நெஞ்சுக்குள் பழைய லொறி ஆசனத்திலிருந்து கழற்றிய சுருள்வில் ஒன்று இருக்கிறது. இரண்டங்குலம் அழுத்தினால் 'டக்' என்று ஒலிக்கும். அதன் மேல் மரத்தூள் அடைத்த இரண்டு துணிப்பைகள். வெளியே ஊக்கு வைத்த ரவிக்கை, சேலை, இடுப்பில் படங்குச் சாக்கு. கொழுந்து பறிக்கப் போகும் பெண் உடுத்துவதில் ஒன்றும் குறைவில்லை.

கலாராணிக்கு இந்த 2004ஆம் ஆண்டில் வயது முப்பத்தொன்பது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில், பிள்ளைமடுவத்தைப் பதினாறு வருடமாகப் பார்த்துவருகிறார். தாய்மார் மலைக்குப் போனதும் இருபத்திரண்டு தொட்டில்களை ஆட்டுவது அவர் வேலை. ஆட்டி ஆட்டி மணிக்கட்டு இரண்டும் ஆண்பிள்ளைகளுடையதைப் போல் உருண்டு திரண்டிருக்கின்றன. வாய் ஓயாது. பேச ஆளில்லாவிட்டால் தொட்டில் கயிற்றோடு பேசுவார். மூத்தவர் எல்லாரும் அவருக்கு மாமா. அந்த உறவை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் சொல்லிவிடுவார்.

1998 மார்ச்சில் முதலுதவி படிக்க அவரைப் பதுளைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் வகுப்பு. டொக்டர் தனேஸ்வரன் ரப்பர் பொம்மையொன்றை மேசையில் கிடத்தி, இதயம் நின்றுபோனால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். தட்டையான மார்பு, உடம்பில் துணி கிடையாது. கலாராணி எழுந்து நின்றார்.

"ஐயா, இது ஆம்பளதானே. பொம்பளைக்கு எங்க அமுக்குறது?"

வகுப்பு சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை.

"நெஞ்செலும்பு எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை. ரெண்டு மார்புக்கும் நடுவிலை. நல்ல கேள்விதான். ஆனா என்னட்டை இந்தப் பொம்மைதான் இருக்கு."

"அப்ப நான் ஒண்ணு தச்சுக்கிறேங்க."

கேள்வி சும்மா பிறந்ததல்ல. தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவேட்டில் ஒருவர் விழுந்த நேரமும் லொறியில் ஏற்றிய நேரமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். 1992 முதல் 1997 வரை திடீரென்று நினைவிழந்து விழுந்த ஆண்கள் ஏழு பேர். லொறியேற எடுத்தது சராசரி பன்னிரண்டு நிமிடம். பெண்கள் ஐந்து பேர், நாற்பத்தொரு நிமிடம். அந்த ஐவரில் ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

பெண் விழுந்தால் நிற்கிற ஆண்கள் முதலில் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அது மரியாதை. பிறகு யாராவது போய்ப் பெண்களைக் கூட்டி வர வேண்டும், புருஷனுக்கு ஆளனுப்ப வேண்டும். அதுவரைக்கும் 'பயந்துட்டா', 'வெறும் வயித்தோட வந்திருப்பா', 'சாமி வந்திருக்கு' என்று ஆளுக்கொரு காரணம். கலாராணி இதை ஒரே மூச்சில் சொல்வார்: "ஆம்பள விழுந்தா லொறி. பொம்பள விழுந்தா எலுமிச்சம்பழம்."

படித்துவிட்டு வந்த மறுமாதமே செல்லக்கிளியைப் பெரட்டுக்களத்துக்குத் தூக்கி வந்தார். காலையில் வேலை பிரிப்பதற்காக எல்லாரும் கூடும் இடம் அது. பெண்கள் கூச்சத்தோடு என்றாலும் வரிசையில் வந்து அழுத்தினார்கள். ஆண்கள் அறுபத்தொரு பேரில் ஒருவரும் வரவில்லை. தரையைப் பார்த்தார்கள். கங்காணி இராமையா மட்டும் வாய் திறந்தார்.

"ஏ புள்ள, பொம்பளைக்குப் பொம்பள அமுக்கட்டும். நான் கை வச்சத எம் பொண்டாட்டி பார்த்தா, அப்புறம் என் நெஞ்ச நீ அமுக்க வேண்டியதாப் போயிரும்."

"அமுக்குறேன் மாமா. பக்கத்துல பொம்பள இல்லாத நேரமாப் பார்த்து எமன் வந்தா, அவன் கிட்ட என்ன சொல்லுவீங்க? செத்த இரு, ஆளனுப்பியிருக்கேன்னா?"

களம் சிரித்தது. ஆனால் கை நீளவில்லை. மூன்று வருடம் இப்படியே போனது. மாதத்தின் முதல் திங்கள்தோறும் கலாராணி பொம்மையைக் கிடத்தி, ஆண்கள் நிற்கிற பக்கம் திரும்பி, சத்தமாகச் சொல்லிக்கொடுப்பார். "ரவிக்க ஊக்கத் தேடாதீங்க. சேல மேலயே வைங்க. முழங்கைய மடக்காதீங்க. எலும்பு வெடிச்சாலும் நிறுத்தாதீங்க. பதினஞ்சு எண்ணுங்க. வாய் வைக்கக் கூச்சமா இருந்தா நெஞ்சயாவது விடாதீங்க." அவர்கள் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

2001 ஏப்ரல் 24, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.50. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பெண்கள் கொழுந்தை நிறுவையில் எடைபோட்டுவிட்டு லயத்து வீடுகளுக்கு ஓடிவிட்டார்கள். கடைசியாக வந்த இராக்கம்மா கூடையை இறக்கும்போது, பத்தடி தள்ளி நின்ற சவுக்கு மரத்தில் இடி விழுந்தது. இராக்கம்மா சாய்ந்தாள். நிறுவையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள்.

"பயந்துட்டா. தண்ணி தெளிங்க, தள்ளி நில்லுங்க" என்றான் ஒருவன். வழக்கப்படி மூன்று முதுகுகள் திரும்பின. நான்காமவன் கலாராணியைக் கூப்பிட மலையிறங்கி ஓடினான். பிள்ளைமடுவம் கால் மைல் கீழே.

இராமையா திரும்பவில்லை. படங்குச் சாக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். இல்லை. மண்டியிட்டார். "மன்னிச்சிரு தாயி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று வருடம் காதில் விழுந்த இடத்தில் கையை வைத்தார். பதினைந்து. மறுபடி பதினைந்து. முழங்கை மடங்கவில்லை.

ஒன்பதாவது நிமிடம் கலாராணி மேலே வந்து சேர்ந்தபோது இராமையாவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "நிறுத்தாதீங்க மாமா" என்று மட்டும் சொல்லி, இராக்கம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊதத் தொடங்கினார். 4.04க்கு இராக்கம்மா இருமினாள். திரும்பியிருந்த முதுகுகள் அந்தச் சத்தத்துக்குத்தான் இந்தப் பக்கம் திரும்பின.

லொறி பதுளை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது 4.50. பின்னாலேயே இன்னொரு லொறியில் இராக்கம்மாவின் புருஷனும் தோட்டத்தில் பாதிப் பேரும் வந்து இறங்கினார்கள். யார், எங்கே கை வைத்தார் என்ற செய்தி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. இராமையா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வாயில் வெற்றிலை இல்லாமலே மென்றுகொண்டிருந்தார்.

ஆறரைக்கு டொக்டர் தனேஸ்வரன் வெளியே வந்தார்.

"மனுசி கதைக்கிறா. கூடையை ஆர் எடுத்து வைச்சதெண்டு கேக்கிறா." பிறகு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு விலா எலும்பு வெடிச்சிருக்கு. ஆர் அமத்தினது?"

புருஷனின் கண் தூண் பக்கம் போயிற்று.

எப்போதும் ஓயாத கலாராணி வாயைத் திறக்காமல் தூணை நோக்கி நடந்தார். இராமையாவின் மணிக்கட்டைப் பற்றி, விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, அந்தக் கையை எல்லாருடைய தலைக்கும் மேலாக உயர்த்திப் பிடித்தார்.