எலிக்குக் காமாலை வரவில்லை

எலிக்குக் காமாலை வர வேண்டும் என்று சஷ்டி விரதம் இருந்து திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் ஆய்வகம். கீழாநெல்லி கல்லீரலைக் காப்பாற்றுகிறதா, அப்படியானால் எப்படி என்பதுதான் என் கேள்வி. அதற்கு முதலில் வெள்ளைச் சுண்டெலிகளின் கல்லீரல் கெட வேண்டும். இரவு பட்டினி போட்டு, காலையில் பாராசிட்டமாலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் மறுநாள் கல்லீரல் கெடும், இரத்தத்தில் மஞ்சள் ஏறும். அதற்கப்புறம்தான் கீழாநெல்லிக்கு வேலை. உலகத்து எலிக்கெல்லாம் இது வருகிறது, என் எலிகளுக்கு மட்டும் வரவில்லை. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் கல்லீரல் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி பளபளவென்று இருந்தது.

விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவின் தலைவர் சிரித்தே விட்டார். "நோயே வராத எலிய வச்சுக்கிட்டு எந்த நோய்க்கும்மா மருந்து கண்டுபிடிக்கப் போறீங்க?" அடுத்த தடவையும் இப்படியே ஆனால் ஆய்வை மூட வேண்டியதுதான், உயிர்களை வீணாகக் கொல்ல அனுமதி கிடையாது என்றார். நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாத்தான்குளத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான், எங்கள் வீட்டில் யார் வாய்க்கும் பூட்டு கிடையாது. மருந்து அனுப்பியவனைத் திட்டினேன், உப்புக்காற்றைத் திட்டினேன், எலிகளைக்கூட விடவில்லை.

எப்போதும் முந்தின நாள் சாயங்காலமே எலிகளை எடை போட்டு மருந்தளவைக் குறித்துவிடுவேன். நான்காவது தடவை மனசு கேட்கவில்லை. காலையில் மருந்து கொடுக்கும் முன் மறுபடியும் தராசில் வைத்தேன். ஒன்றுகூட எடை குறையவில்லை. இரண்டு எலிகள் கூடியிருந்தன! பட்டினி கிடந்தால் உடம்பு போடுமா? கூண்டில் விரித்திருந்த உமியைக் கிளறிப் பார்த்தேன். வாழைப்பழ நார்.

விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். கூப்பிட்டு, "என்ன காரியம்ளா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"நீங்க சொன்னபடி தீனிய எடுத்துட்டேன் மேடம். பழம் மட்டுந்தான் வச்சேன்."

"ஒண்ணும் வைக்காதன்னு சொன்னேன்லா!"

"சஷ்டிக்கு ஆறு நாளும் நாங்க சோறு தொட மாட்டோம். பழமும் பாலும் உண்டு. அதுகூட இல்லாம வாயில்லாச் சீவன எப்படி மேடம் விடியுற வரைக்கும் போட்டு வைக்க?"

பழம் தின்று விரதம் இருந்து முருகனிடம் வேண்டியவள்தானே நானும்! தீனி வைக்காதே என்று சொன்னேனே தவிர, ஏன் என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லீரலில் விஷத்தை முறிக்கும் சரக்கு ஒன்று இருக்கிறது, வயிறு காய்ந்தால் அது வற்றும், உள்ளே ஏதாவது போனால் வற்றாது என்று விளக்கினேன்.

"அப்போ இத்தன நாளும் நான்தான் அதுகளக் காப்பாத்திருக்கேன்," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமாளா, என்னத்தான் கவுத்துட்ட," என்றேன். இருவருமே சிரித்துவிட்டோம்.

தவறு என் வேலைமுறையில்தான் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு வாய்ப்புக் கேட்டேன். அந்தத் தடவை வெறும் தண்ணீர் மட்டும் வைத்தோம். மறுநாள் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துக் குழாயைத் தூக்கிப் பார்த்தால், மேலே நின்ற நீர் மஞ்சள்! அம்மாடி, அப்படி ஒரு மஞ்சளை நான் பார்த்ததில்லை. கீழாநெல்லி கொடுத்த எலிகளின் குழாய்களிலோ இலேசான மஞ்சள்தான். நடைபாதை முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன். துறைமுகத்துச் சங்கு ஊதினால்கூட அவ்வளவு சத்தம் இருந்திருக்காது. அனுமதித்த எலிகளில் மீதி இருந்தவற்றை வைத்துத் திரும்பவும் செய்தோம், திரும்பவும் அதுவே வந்தது. ஆய்வகம் முழுக்க எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

குழுவின் முன்னால் குழாய்களை வைக்கும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன்.

"இந்தத் தடவை புதுசா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

நான் அவளைக் காட்டினேன். குழாய்கள் கொண்டுவந்த தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"ஒண்ணும் செய்யல சார். சாயங்காலம் கூண்டுப் பக்கம் போனா எல்லாம் மூக்க நீட்டிக்கிட்டு ஓடி வரும். ஒண்ணும் கொடுக்காம திரும்பி வந்தேன். அவ்வளவுதான் சார்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் ஆய்வைத் தொடர்வதற்கான அனுமதித் தாளை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து, தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.