ஒரு படத்துக்கு நாலு பாடு

சினிமா படிக்க வருகிற எல்லாரும் டைரக்டர் ஆகத்தான் வருகிறார்கள். ஆனால் படம் எடுக்க மைக் தூக்குவதற்கும் ஒருத்தர் வேண்டும், அந்த ஒருத்தர் நான்.

முதல் வாரம் வகுப்பில் சாமான்களை எல்லாம் மேசை மேல் பரப்பி வைத்தார்கள். கேமராவைச் சுற்றிக் கல்யாணப் பந்திக்கு முண்டுவது போலக் கூட்டம். நீளக் கழியில் மாட்டின மைக் மட்டும் ஓரமாகக் கிடந்தது. பாவமாக இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், மூன்று வருஷம் அதைக் கீழே வைக்க யாரும் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்து, அது முடிவதற்குள் பேச்சுவார்த்தை முறிகிற அளவுக்குச் சண்டை போட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் மேலே படியுங்கள். நாம் சொந்தக்காரர்கள்.

என் பெயர் சுகன்யா. பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த ஒரு குப்பம் எங்களுடையது. அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு ஃபைபர் படகு. கடல் ஒத்துழைத்தால் கடலில், இல்லாவிட்டால் ஏரியில் மீன் பிடிப்பார்.

படம் வருதுல்ல

எங்கள் முதல் படம் ஒரு கல்லூரியின் மாணவர் திரைப்பட விழாவுக்குத் தேர்வானது. படத்தில் ஒரு பையன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், கதை அவ்வளவுதான். அவன் கிளம்பும்போது கொடியில் துணி அடித்துக்கொள்கிற சத்தம், குக்கர் விசில், தெருவில் போகிற ஆட்டோ என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவதைக் கேட்டுவிட்டும் அவன் போகிறான் என்பதே படத்தின் உயிர்.

அரங்கத்தில் விளக்கை அணைத்தார்கள். பையன் கிளம்பினான். ஒரு சத்தமும் இல்லை. நான் தட்டுத் தடுமாறிப் பின்னால் ஓடினேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பி லேப்டாப் பக்கத்தில் சமோசா தின்றுகொண்டிருந்தார். சவுண்டே வரவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சத்தை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "படம் வருதுல்ல?"

வேற கலர்

காற்றடிக்கிற இடத்தில் மைக்குக்கு மயிர்த்தொப்பி மாதிரி ஒரு உறை போடுவோம். சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இருக்கும். அதைக் கழியோடு சேர்த்து ஊருக்கு எடுத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மின்சார ரயிலில் மீஞ்சூர் வரைக்கும் கம்பெனிக்குப் போகிற கூட்டம் நெருக்கி அடிக்கும். யார் கண்ணையும் குத்திவிடாமல் கழியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒருநாள் எதிர் சீட்டிலிருந்த அக்கா ஒருத்தர் ஏறினதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சினிமா ஆசை போலிருக்கிறது, என்ன கேட்டாலும் விளக்கமாகச் சொல்வோம் என்று நானும் தயாராக இருந்தேன். மீஞ்சூர் நெருங்கும்போது எட்டி அந்த உறையைத் தடவிப் பார்த்தார். "ஒட்டடக்குச்சி நல்லாக்கீதுமா, வேற கலர் வச்சிருக்கியா?"

பெரும்பாடு

கடைசி வருஷப் படத்துக்கு எங்கள் குழுவில் நாலு பேர். விக்னேஷ் நன்றாகப் பேசுவான், பேச்சிலேயே பாதிப் படத்தை எடுத்துவிடுவான். பிரவீன் கேமரா. ரேஷ்மா எடிட்டிங். நான் சவுண்ட். ஆனால் டைரக்டர் யார் என்று கேட்டால் நாலு கையும் மேலே போனது. கேன்டீனில் ஆரம்பித்த சண்டை வாட்ஸப்பில் தொடர்ந்தது. அதில் குழுவின் பெயரே மூன்று முறை மாறியது.

எங்கள் ஏரியில் இதைவிடப் பெரிய சண்டையை எல்லாம் ஒரு குலுக்கலில் முடிப்போம் என்று சொன்னேன். கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம் மீன் நிறைய கிடைக்கும், உள்ளே போகப் போகக் குறையும். எல்லாரும் முகத்துவாரத்துக்கே போனால் வலையும் கிழியும், மண்டையும் உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. காற்று மாறினாலும் மழை கொட்டினாலும் உன் நாள் உன் நாள்தான். போனால் போனதுதான், மறுநாள் கேட்க முடியாது. நாமும் ஆளுக்கொரு நாள் டைரக்டராக இருப்போம், பாடு உள்ளவர் சொல்வதை மற்ற மூன்று பேரும் கேட்க வேண்டும் என்றேன். குப்பத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான் படம், அதில் நாலு பகுதி. விக்னேஷ் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். "படம் எடுக்கறதே பெரும்பாடு, அதுக்குள்ள நாலு பாடா?"

அன்னக்கூடை

எங்கள் வீட்டில் வைத்துத்தான் குலுக்கினோம். அம்மா சோறு வடிக்கிற அன்னக்கூடையில் நாலு சீட்டு. நைனாவே எடுத்துக் கொடுத்தார். முதலில் விக்னேஷ், அடுத்து ரேஷ்மா, அப்புறம் பிரவீன், கடைசியில் நான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் பாடு ஆம்பளைகளுக்குத்தான். பையனுக்குக் கல்யாணம் ஆனால் பாடு முறையில் பேர் சேர்ப்பார்கள், பெண்ணுக்கு அந்தப் பேச்சே இல்லை. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்று எங்களை வளர்த்தவள், அவளுக்கும் இல்லை. நைனா என் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அந்த நாலாவது நாளை என்ன ஆனாலும் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம குப்பத்துல பொம்பளைக்கு ஏதும்மா பாடு?"

ஒன் மோர்

விக்னேஷின் பாடு படகு கரையேறுகிற காட்சி. விடிந்து கொஞ்ச நேரத்தில் படகுகள் வந்தன. நைனாவின் கூட்டாளி குமாரண்ணன் அலையைப் பார்த்து, சரியான நேரத்தில் இன்ஜினை முடுக்கி, படகை மணலில் ஏற்றி நிறுத்தினார். வலையைக் கரையில் போட்டதும் மீன் துள்ளியது. பார்க்க அத்தனை அழகு. விக்னேஷ் கையைத் தட்டி, சூப்பர், ஒன் மோர் என்றான்.

குமாரண்ணனுக்குப் புரியவில்லை. மறுபடியும் கடலுக்குள் போய் இதே மாதிரி வர வேண்டும், மீனும் இதே மாதிரி துள்ள வேண்டும் என்று விக்னேஷ் விளக்கினான். ஏலம் எடுக்கக் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். நான் மைக்கை இறக்கவே இல்லை, அதனால் குமாரண்ணன் சொன்ன பதில் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. "இர்ரு தம்பி, இன்னொரு வாட்டி வலைல ஏறுதானு மீனாண்ட கேட்டுக்கினு வரேன்."

கடலைப் பார்த்து அழுவது

ரேஷ்மாவுக்கு ஒரு பெண் கரையில் நின்று கடலைப் பார்த்து அழ வேண்டும். ஏன் என்றெல்லாம் கேட்கக்கூடாது. மாணவர் படங்களில் கடல் இருந்தால் அதன் எதிரில் ஒரு பெண் அழுவாள், இது உங்களுக்கும் தெரியும். அதற்கு என் அம்மாவைப் பிடித்தாள். அம்மாவும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். உங்கள் வீட்டுக்காரர் இன்னும் கடலிலிருந்து வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணீர் தானாக வரும் என்றாள் ரேஷ்மா.

அம்மா கடலைப் பார்த்தாள். பிறகு திரும்பி டீக்கடையைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது, ஆனால் ரேஷ்மாவின் பாடு என்பதால் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "அந்தாளு அங்க டீ குடிச்சிக்கினு நிக்கிறாரு, நான் இன்னாத்துக்கு கடல பாத்து அழுவணும்?"

பூநாரை

பிரவீனின் பாடு, ஏரிக்கு வருகிற பூநாரைக் கூட்டம். ஏரிச் சேற்றில் முட்டி வரைக்கும் புதைந்து, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை நோக்கி மெதுவாகப் போனான். அவன் ஒரு அடி வைத்தால் பறவைகள் பத்தடி தள்ளிப் போயின. வெயில் ஏறியது. அவன் செருப்பு சேற்றோடு போனது. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "அது உன்ன பாத்து முடிச்சிட்ச்சுப்பா, கரைக்கு வா."

என் பாடு

என் நாளுக்கு ஒரே ஒரு திட்டம் வைத்திருந்தேன். நைனாவோடு கடலுக்குப் போய், வலை இழுக்கும்போது படகில் கேட்கிற சத்தங்களை வைத்தே என் பகுதியை எடுப்பது. முந்தின நாள் சாயங்காலம் அறிவிப்பு வந்தது. ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் தளம் இருக்கிற தீவிலிருந்து நாளைக்கு ராக்கெட் விடுகிறார்கள், எந்தப் படகும் கடலுக்குப் போகக்கூடாது. நீ வைத்த சட்டம்தானே, போனால் போனதுதான் என்றான் விக்னேஷ். மூன்று பகுதியே போதும் என்று மற்ற இரண்டு பேரும் பையைக் கட்ட ஆரம்பித்தார்கள். படகுதான் போகாது, நாள் எங்கேயும் போகவில்லை, நாளைக்குப் படப்பிடிப்பு உண்டு என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடலுக்குப் போகாததால் குப்பமே கரையில் இருந்தது. நைனாவும் குமாரண்ணனும் வலை கிழிசல் பார்த்தார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கருவாட்டைப் புரட்டிப் போட்டார்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இவர்கள் எல்லாரும் தெரிகிற மாதிரி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று பிரவீனிடம் சொன்னேன். ராக்கெட்டை எடுக்க மாட்டாயா என்றான். மாட்டேன் என்றேன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் ராக்கெட்டின் வெளிச்சம் முதலில் வரும், சத்தம் சாவகாசமாகப் பின்னால் வரும். எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும்.

வானத்தில் வெளிச்சம் ஏறியது. மழை தூறினால் கருவாட்டை அள்ள நிமிர்ந்து பார்க்கிற எங்கள் ஜனம், ராக்கெட்டுக்கு நிமிரவில்லை. எத்தனை பார்த்தாயிற்று. ஆனால் விக்னேஷ், ரேஷ்மா, பிரவீன் மூன்று பேரும் ஓடிவந்து நேராகக் கேமராவுக்கு எதிரில் நின்று, வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். இதைவிட நல்ல காட்சியை நான் எழுதியிருக்க முடியாது. அப்புறம் சத்தம் வந்தது. தகரக் கூரைகள் அதிர்ந்தன, மண் கிடுகிடுத்தது. அது அடங்குகிற நேரத்தில் அம்மாவின் குரல் தெளிவாக விழுந்தது: "இந்தப் புள்ளைங்க இன்னாத்துக்கு மேல பாத்துக்கினு நிக்குதுங்க? மீனு கீழல்ல கீது."

பரிசு

அந்தக் காட்சியை வெட்ட வேண்டும், நம்மை முட்டாளாகக் காட்டுகிறது என்று ரேஷ்மா எடிட்டிங்கில் நாலு நாள் மல்லுக்கு நின்றாள். என் பாடு, என் பேச்சு என்று நானும் அசையவில்லை. கடைசியில் அவளே சிரித்துவிட்டு ஒரு நொடிகூடக் குறைக்காமல் வைத்தாள். மாணவர் விழாவுக்குப் படம் தேர்வானது. சென்னைக்கு நைனாவையும் அம்மாவையும் கூட்டிப் போனேன். இந்த முறை அரங்கத்துக்குள் முதல் ஆளாக நுழைந்து லேப்டாப் பக்கத்திலேயே அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். ராக்கெட் சத்தத்தில் நாற்காலிகள் நடுங்கின. அம்மா பேசினதும் அரங்கமே கொல்லென்று சிரித்தது, விக்னேஷ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். படம் முடிந்து, டைரக்‌ஷன் என்று போடுகிற இடத்தில் 'பாடு' என்று போட்டு வரிசையாக எங்கள் நாலு பேரின் பெயரும் வந்தது. என் பெயர் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நைனா கழுத்தை நீட்டி அதைப் படித்தார்.

பரிசு எங்களுக்கு இல்லை. ஒரு பெண் கடலைப் பார்த்து அழுகிற படத்துக்குப் போனது. கைதட்டல் அடங்கினதும் அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "அன்னிக்கே ரெண்டு சொட்டு அழுதிருக்கலாம் போலக்கீதே."

திரும்பும் ரயில்

சாயங்கால ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். எனக்குப் பசி, அலுப்பு. மைக்கைப் பையில் போட்டுவிட்டேன். நைனா கழியை என்னிடமிருந்து வாங்கி, துடுப்பைப் பிடிக்கிற மாதிரி பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். மீஞ்சூருக்குப் போகிற ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். சினிமா விழா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நைனா முந்திக்கொண்டார், ஏரியில் பாடு முடிந்து வருகிற நாளெல்லாம் சொல்கிற அதே குரலில்: "எங்க பொண்ணுக்குப் பாடு இருந்துச்சு. போய்ட்டு வர்றோம்."

மூன்று வருஷமாக மைக் பிடித்ததில் பதிவு செய்யாமல் கோட்டைவிட்ட ஒரே வசனம் அது, அதற்கு ஒன் மோர் கேட்கவும் முடியாது.