டோலுவுக்குக் கழுத்து கிடையாது

போன வருஷம் நிதிலாவின் முதல் பிறந்தநாளுக்குச் சின்ன மண்டபம் ஒன்று பிடித்து, டோலு வேஷம் போட ஓர் ஆளையும் வரவழைத்தார்கள். கைப்பேசிக் கார்ட்டூனில் பார்த்தால் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கிற நீல யானைக்குட்டி அது. ஆறடி உயரத்தில் எதிரே வந்து நின்றதும் அவள் போட்ட அலறலில் கேக் வெட்டவே முடியவில்லை. ஆல்பத்தில் ஒரு படத்திலும் சிரிப்பில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், குழந்தைக்கென்று செய்து குழந்தையையே அழவைத்துவிட்டோம் என்று அம்மா ரேணுகாவுக்கு உறுத்தும்.

அதனால் இந்த வருஷம் எல்லாம் வீட்டிலேயே. டோலுவும் பொம்மையாக, நிதிலா தொட்டு விளையாடுகிற உயரத்தில்தான்.

ரேணுகாவுக்கு மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. விரிப்பில் இருக்கும் கறையைப் பார்த்து அது காப்பியா, சந்தனமா, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவாள். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, ஏழு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வந்தது. பிறந்தநாள் வேலையையும் அப்படித்தான் செய்தாள். ஓட்டலுக்குப் புது ஃபிரிட்ஜ்கள் வந்தபோது, குப்பைக்குப் போக இருந்த தெர்மாகோலைக் கேட்டு வாங்கிவந்தாள். எண்ணெய்ப் பெயிண்ட் அதை அரித்துவிடும் என்று ஒரு துண்டில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு, சுவருக்கு அடித்து மீந்த வெள்ளை டிஸ்டெம்பரில் சொட்டு நீலத்தைத் துளித்துளியாக விட்டு, டோலுவின் நிறம் வரும்வரை கலக்கினாள்.

செதுக்கும் பொறுப்பு மட்டும் கணவன் லட்சுமணனுடையது. பதினைந்து வயதில் சாமி சிலை செதுக்கும் கல் பட்டறைக்குப் போனவன். சனிக்கிழமை மத்தியானம் தெர்மாகோல் பொடி மீசையில் ஒட்டியிருக்க, "முடிஞ்சிது, வந்து பாருமே" என்று கூப்பிட்டான்.

இரண்டு காலில் நிற்கும் யானை, ரேணுகாவின் இடுப்பு உயரத்துக்கு. தோளும் தொந்தியும் தும்பிக்கையும் அளவெடுத்தாற்போல் அமைந்திருந்தன. நீலமும் பூசியாகிவிட்டது. கண் மட்டும் இன்னும் வைக்கவில்லை. என்னவோ சரியில்லை என்று தோன்றியது; ரேணுகாவுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

அம்மாவின் நைட்டியைப் பிடித்தபடி நிதிலா எட்டிப் பார்த்தாள். அழவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "சாமி" என்றாள். கிட்டே போகவும் இல்லை.

மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடி ரேணுகா, நாளைக்குப் பொறந்தநாளா, கும்பாபிசேகமா? ஐயருக்குச் சொல்லிட்டியா?"

லட்சுமணன் முகம் சுருங்கிப்போனது. "யானையத்தான செஞ்சேன்?"

"நீ எங்கய்யா யானையச் செஞ்ச? புள்ளையாரச் செஞ்சி வெச்சிகீற" என்று ரேணுகா கைப்பேசியை நீட்டினாள். திரையில் விரலை வைத்து அளந்து காட்டினாள். "தல எவ்ளோ, அவ்ளோதான் மொத்த ஒடம்பும். கழுத்தே கெடையாது, பாரு."

"அப்பிடி ஒரு உருவமா? அசிங்கமா இருக்கும்மே."

"அந்த அசிங்கம்தான் உன் பொண்ணுக்குப் புடிச்சிகீது."

முகம் இத்தனை என்றால் உடம்பு இத்தனை என்பது அவன் கையில் ஊறிய கணக்கு. படத்தைப் பார்த்துத்தான் செதுக்கினான். கை அதன் வழியில் போய்விட்டது.

வேறு தெர்மாகோல் இல்லை. இதையே அறுத்துக் குறைக்க வேண்டியதுதான். ரேணுகா ரம்பத்தை எடுத்தாள். எடுத்தவளுக்குக் கை ஓடவில்லை. செங்கம்மாளின் சிரிப்பும் நின்றது. "புள்ள கும்புட்டுச்சேடி. நாளும் கெழமையுமா அத்தப் போயி அறுக்கறதா?"

"கண்ணு தொறக்கலயே, அக்கா" என்றான் லட்சுமணன். "பட்டறைல கண்ணத்தான் கடசியாத் தொறப்போம். அதுவரிக்கும் அது கல்லுதான். இது வெறும் தெர்மாகோலு." கண்ணைக் கடைசிக்கு விட்டதும் அவன் யோசித்துச் செய்ததல்ல, பழக்கம்தான்.

ஆனாலும் செங்கம்மாள் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரம்பத்தை அவனே வாங்கி, கழுத்தை எடுத்தான். இடுப்பில் பாதியை எடுத்தான். தலையைத் தோள்மேல் அப்படியே ஒட்டினான். சும்மா விட்டால் உளி தோளை வளைக்கப் போகிறது; "போதும், கீழ வெய்யி" என்று ரேணுகா மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. வெட்டின இடத்தில் மறுபடி நீலம் பூசினார்கள். கண்ணுக்கு, கிழிந்த சீருடைக் கோட்டின் இரண்டு கறுப்புப் பொத்தான்களைக் கொண்டுவந்தாள். அவன் நெற்றிக்கு நேர்கீழே வைக்கப் போனான். அவள் பிடுங்கி, தும்பிக்கையின் இரு பக்கமும் தள்ளித்தள்ளி, தாழ்வாக அழுத்தினாள்.

"கேவலமா கீது" என்றான்.

ரேணுகா கதவோரம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நிதிலா பாதி தின்ற முறுக்கோடு வந்தாள். நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "டோலு!" என்று கத்திக்கொண்டு ஓடி, அதைக் கட்டிப்பிடித்து, தும்பிக்கையில் முறுக்கைத் திணித்தாள். "தின்னு, டோலு, தின்னு."

"ஐயோ, ஈரம்! பெயிண்டு போச்சு!" என்று லட்சுமணன் எழுந்தான்.

"போனாப் போவுது, உக்காருய்யா" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் ரேணுகா. பிள்ளையின் கன்னம், கை, கவுன் எல்லாம் நீலம். "அவ தூங்கட்டும், இன்னொரு கோட்டு அடிச்சிக்கலாம். நாளிக்கு சாயங்காலம் வரிக்கும் டைமு கீது."